எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்

தர்ஷி ஃபோன் எடுத்த நேரம் சரியில்லை. அதற்கு முதல் நாள் முழுக்க நின்றதில் எனக்குக் கால் வீங்கிக் கிடந்தது. சமைக்கவும் மனமில்லை. குசினியில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, மற்றக் கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன்.

தர்ஷி என் பழைய முதலாளி ஞானம் அண்ணையின் மகள். மெல்பேர்னில், டண்டினொங்கில் அண்ணை நடத்திய பயண நிறுவனத்தை இப்போது அவள்தான் பார்க்கிறாள். கெட்டிக்காரி, குறை சொல்லமாட்டேன். ஆனால் இப்போது எல்லாம் ஃபோனுக்குள் போய்விட்டது. கூட்டிக்கொண்டு போக ஆள் தேவையில்லை, ஆப் இருந்தால் போதுமாம். எந்த ரயில், எந்த வாசல், எங்கே செருப்பைக் கழற்றுவது, எல்லாவற்றையும் அது சொல்லுமாம்.

"அன்ரி, நீங்கள் முந்தி எழுதின ஜப்பான் ரூல்ஸ் எல்லாம் ஆப்பிலை ஏத்துறன். வெந்நீர்க் குளியல் பக்கத்திலை கடைசியா ஒரு லைன் இருக்கு. 'எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்' எண்டு. ஆர் அன்ரி எண்ணெய் வைச்சுக்கொண்டு குளிக்கப் போகினம்? டெஸ்ட் பண்ணின பிள்ளையள் எல்லாம் சிரிக்கினம். எடுத்துவிடட்டே?"

பிறகு சொல்லுகிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். ஓம் அல்லது இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். அது வாயில் வரவில்லை. அதனால்தான் இவ்வளவையும் எழுதுகிறேன். வாசிக்கிறதும் விடுகிறதும் அவள் பாடு.

நான் பயண வழிகாட்டியாகப் படித்து வந்தவள் இல்லை. கல்யாணமாகி மெல்பேர்ன் வந்தபோது கையில் இருந்தது யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடப் படிப்புத்தான். முதலில் கோழி வெட்டுகிற தொழிற்சாலை. குளிரில் விரல்கள் விறைத்துப்போக, அதை விட்டுவிட்டு நகரத்தில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவப் போனேன். அங்கே சமையற்காரர் என்னைத் திட்டிய திட்டில் பாஷை வந்துவிட்டது. திட்டு விளங்கினால் மிச்சம் தானாக விளங்கும். சில வருடத்தில் மேசைக்குப் பரிமாற அனுப்பினார்கள். ஜப்பானியக் கிழவிகள் என்னோடு நின்று கதைப்பார்கள்.

ஒரு நாள் கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது, வெள்ளைச் சேட்டுப் போட்ட மெலிந்த மனுசன் ஒருவர் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஜப்பான் பாஷை தெரிஞ்ச பிள்ளை எண்டு சொல்லிச்சினம். நீர்தானோ?"

அதுதான் நேர்முகத் தேர்வு. அடுத்த திங்கட்கிழமை ஞானம் அண்ணையின் கடையில் இருந்தேன். கொழும்புக்கும் சென்னைக்கும் டிக்கெட் போட்டபடி தொழில் பழகினேன். இளைப்பாறிய தமிழ்ச் சனத்தை அவர் இந்தியாவுக்குக் கோயில் பார்க்கக் கூட்டிப் போவார். 'கோயில் பாத்தது காணும் அண்ணை, வேறை எங்கையாவது கூட்டிப்போங்கோ' என்று அவர்களே கேட்கத் தொடங்கியபோது, ஜப்பானுக்கு என்னை விட்டார்.

ஞானம் அண்ணை சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழும்பிப் போய்த் தன் கையால் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து முன்னால் வைப்பார். சீனி காணுமோ என்று கேட்பார். அந்தத் தேத்தண்ணியைக் குடித்து முடிக்கிறதுக்குள் செய்த பிழை என்ன என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். அவர் கேத்தலைத் தொட்டாலே கடையில் வேலை செய்த எல்லோரும் அன்றைய டிக்கெட்டுகளைத் திரும்ப எடுத்துப் பார்ப்போம். ஒரேயொரு பாடத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லுவார்.

"மலர், முன்னுக்குப் போனவன் செய்யிற பிழைக்குப் பின்னுக்குப் போறவன் வாசல்லை நிப்பான்."

அது உண்மை என்று எனக்கு ஜப்பானில்தான் விளங்கியது. அங்கே முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லமாட்டார்கள். தலையைக் கொஞ்சம் சரித்து, பல்லிடுக்கால் மூச்சை இழுத்து, 'கொஞ்சம் கஷ்டம்…' என்று இழுப்பார்கள். அந்த இழுவையைக் கேட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். மலைக்குள் இருக்கிற ஒரு வெந்நீரூற்று ஊரில் விடுதி விடுதியாக நான் அதைக் கேட்டிருக்கிறேன். ஒரு விடுதியில் எங்கள் ஆட்கள் அறைக்குள் ரைஸ் குக்கர் போட்டுக் கரண்டை நிற்பாட்டினார்கள். இன்னொன்றில் பாய் விரித்த தரையில் மாங்காய் ஊறுகாய் கொட்டுப்பட்டது. அடுத்த தடவை கேட்டால் கொஞ்சம் கஷ்டம்.

கடைசியில் ஆற்றங்கரையில் ஒரு பழைய மரவிடுதி எங்களை ஏற்றது. ஊரின் நடுவே ஆறு, அதன்மேல் சின்னச் சின்னப் பாலங்கள், வடிகால் மூடிக்குள்ளாலும் ஆவி வரும். விருந்தினர் பருத்தி அங்கி உடுத்து, மரச்செருப்பு டக்கு டக்கென்று சத்தம் போடத் தெருவில் நடப்பார்கள். விடுதியை நடத்துகிற அம்மாவை அங்கே ஒகாமி என்பார்கள். அவரும் என் வயதுதான். எப்போதும் சாம்பல் நிறக் கிமோனோ, ஒரு மயிர் விலகாத கொண்டை. எங்கள் சனத்துக்கு மீன் வாடை படாத சூப் வைக்கவும் சம்மதித்தார். அந்தக் கதவு திறந்திருப்பதில்தான் எங்கள் ஜப்பான் பயணமே தொங்கிக்கொண்டிருந்தது.

அதனால் பயணத்துக்கு முன் ஒரு ஒத்திகை வைப்போம். இது ஞானம் அண்ணையின் கண்டுபிடிப்பு. கடையின் பின்னறையில் ஒரு குட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூல், ஒரு வாளி, ஒரு சின்னத் துவாய். ஆண்களுக்கு அவரே நடித்துக் காட்டுவார், நீளக் காற்சட்டையும் சேட்டும் போட்டபடி. பெண்களை நான் திரைக்கு இந்தப் பக்கம் கூட்டி வருவேன். ஸ்டூலில் இருந்து உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நுரை ஒரு சொட்டும் இல்லாமல் வார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தொட்டி. துவாய் தண்ணீரில் படக்கூடாது, மடித்துத் தலையில் வைக்க வேண்டும். தொட்டிக்குள் உடுப்பு இல்லை. இந்த இடத்தில் எல்லா ஒத்திகையிலும் ஒரே கூச்சல்தான்.

"ஐயோ பிள்ளை, கன்னியாவிலை கூட நாங்கள் உடுப்போடைதானே வாத்தனாங்கள்!"

திருகோணமலையில் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றிய சனம் இது. தொட்டிக்குள் பிறந்த மேனியாக இறங்கி உட்கார்வது என்றால் விளையாட்டா? நானும் உங்களோடு அப்படித்தான் இறங்கப்போகிறேன் என்பேன். அதற்குப் பிறகு கொஞ்சம் சிரிப்பார்கள். கடைசியாக அங்கி உடுத்தக் காட்டுவேன். இடப்பக்கம் மேலே வர வேண்டும், வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்துகிற முறை. இதை மட்டும் ஒருவரும் மறப்பதில்லை.

பரமேஸ் அன்ரியை நான் அப்படி ஒரு ஒத்திகையில்தான் முதலில் கண்டேன். எண்பதை நெருங்கிய வயது, பெருத்த உடம்பு, இரண்டு முழங்காலும் வீங்கி உருண்டிருக்கும். மற்றவர்கள் உடுப்பைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்க அவர் ஒன்றுதான் கேட்டார்.

"கழுத்து மட்டுக்கும் தண்ணி வருமே?"

"இருந்தால் வரும் அன்ரி."

"அப்ப என்ரை பேரை எழுது."

பிறகு பஸ் நிற்கும் இடம்வரை கூடப் போனபோது விஷயத்தைச் சொன்னார். திரும்பி வந்த கையோடு முதியோர் இல்லத்துக்குப் போகிறார். மகன் சிட்னியில், லிட்கமில் சின்ன வீடு, அங்கே மாடிப்படி ஏறமுடியாது. இல்லத்தை அன்ரி போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். நல்ல இடம், சாப்பாடும் பரவாயில்லையாம்.

"ஆனால் குளிக்க வாக்கிறதைப் பாத்தனான் பிள்ளை. ஒரு பிளாஸ்டிக் கதிரையிலை இருத்திப்போட்டு, பூக்கண்டுக்கு விடுற மாதிரி ஹோஸாலை விடுகினம். இப்ப இருக்கிற யூனிட் வீட்டிலையும் எனக்கு ஷவர்தான். நான் தண்ணிக்குள்ளை இறங்கி எத்தினை வருசம்! ஊரிலை நான் கீரிமலைக் கேணியிலை நீந்தினனான். சாகமுந்தி ஒருக்கா, ஒரேயொருக்கா, முழு உடம்பும் மூழ்க வேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

இப்படிக் கேட்கிற வாடிக்கையாளர்களை எனக்குப் பயம். கோட்டை பார்க்க வேண்டும், மலை பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு மழை வந்தால் வேறு எதையாவது காட்டிச் சமாளிக்கலாம். இவருக்கு எதைக் காட்டுவது?

அந்த விடுதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம். மறுநாள் காலை ரயில். எனக்கு அன்று குசினியில் வேலை. வெள்ளி விரதக்காரர்களுக்கு மீன் சேர்க்காத சூப் என்று எழுதிக் கொடுத்திருந்தும், புதிதாக வந்த சமையற்காரர் காய்ந்த மீன் சீவல் போட்ட தண்ணீரில்தான் எல்லாம் அவித்திருந்தார். அது மீனில்லை, வெறும் ருசிதான் என்று அவர் வாதாடுகிறார். நான் வரும்வரை குளிக்க இறங்க வேண்டாம் என்று பெண்களிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

பரமேஸ் அன்ரி பொறுக்கவில்லை. சனம் வருமுன் தனியாக இறங்கினால் கூச்சமில்லை என்று நினைத்திருக்கிறார். அது மட்டும் என்றால் பரவாயில்லை. அன்று வெள்ளிக்கிழமை. பெட்டிக்குள் நல்லெண்ணெய்ப் போத்தல் இருந்தது. உச்சந்தலை தொடக்கம் பாதம்வரை வைத்து, முழங்காலுக்கு இரண்டு தரம் தேய்த்து, நன்றாக ஊறவிட்டு, அங்கியைப் போர்த்திக்கொண்டு போயிருக்கிறார். ஸ்டூலில் இருந்து தண்ணீரும் வார்த்திருக்கிறார். சோப்பு மட்டும் போடவில்லை.

குசினிக்கு ஆள் வந்து கூப்பிட, நான் ஓடிப்போனபோது தொட்டியின் ஒரு பக்கத்தில் அன்ரி கைபிடியைப் பிடித்தபடி முதல் படியில் முழங்காலளவு தண்ணீரில் நின்றார். அவரைச் சுற்றித் தண்ணீர் வட்டம் வட்டமாக மினுங்கியது. கூந்தல் முடிச்சிலிருந்து எண்ணெய் முதுகால் வடிந்துகொண்டிருந்தது. மறுகரையில் இரண்டு ஜப்பானியக் கிழவிகள் எழும்பி, துவாயால் கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். வேலைக்காரப் பெண் வாசலில் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"அன்ரி! எண்ணெய் வைச்சனீங்களே?"

"வேறை? எண்ணெய் வையாமல் சுடுதண்ணியிலை இறங்கினால் உடம்பு கொதிக்காதே? கண்ணெல்லாம் எரியும்."

"கழுவிப்போட்டெல்லோ இறங்க வேணும்!"

"கழுவிப்போட்டு இறங்கினால் பிறகு எண்ணெய் என்னத்துக்குப் பிள்ளை?"

அவர் சொன்னதில் நியாயம் இல்லையென்று எப்படிச் சொல்வேன்? எங்கள் வீடுகளில் அப்படித்தான். அதற்குள் அவரும் தண்ணீரைக் குனிந்து பார்த்துவிட்டார். சுற்றி மினுங்கியதைக் கண்டதும் முகம் விழுந்துவிட்டது. இன்னும் இடுப்பளவுகூட நனையவில்லை. நான் கையைப் பிடித்து மேலே ஏற்றினேன்.

ஒகாமி வந்தார். தொட்டியைப் பார்த்தார். பிறகு அந்த இரண்டு கிழவிகளின் முன்னும் நெற்றி நிலத்தில் படக் கும்பிட்டார். அவர்கள் வருடா வருடம் அங்கே வருகிறவர்கள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, சரியாக விளக்கிச் சொல்லாதது விடுதியின் பிழை என்று எங்களையும் கும்பிட்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏசுகிறவரைச் சமாளிக்கலாம், கும்பிடுகிறவரை என்ன செய்வது? அடைப்பைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். அந்த ஊற்று மெல்லிய குழாயால் வருகிற ஊற்று. தொட்டி திரும்ப நிறைய மறுநாள் மத்தியானம் ஆகும். எங்கள் ரயில் அதற்கு முன்பே போய்விடும்.

ஞானம் அண்ணைக்கு ஃபோன் எடுத்தேன். முழுவதையும் கேட்டார்.

"நீர் சாப்பிட்டனீரே?" என்றார்.

அவ்வளவுதான். அந்தத் தூரத்திலிருந்து அவரால் ஊற்றக்கூடிய தேத்தண்ணி அது.

ஆண்களின் தொட்டியை ஒரு மணிநேரம் பெண்களுக்கு விட ஒகாமி ஏற்பாடு செய்தார். மற்றவர்கள் எல்லோரும் போய்க் குளித்துச் சிரித்துக்கொண்டு வந்தார்கள். பரமேஸ் அன்ரி அறையை விட்டு அசையவில்லை. அந்தத் தொட்டிக்குக் கைபிடியும் இல்லை, படி உயரம். இருந்தாலும் நாலு பேர் சேர்ந்து பிடித்து இறக்கலாம் என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஒண்டைப் பழுதாக்கினது காணாதே? அதையும் பழுதாக்கவோ? என்னை விடு பிள்ளை. எனக்குக் குடுத்துவைக்கேல்லை."

சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் சும்மா பக்கத்தில் இருந்தேன். உண்மையைச் சொன்னால், எனக்கு அவர்மேல் எரிச்சலும் இருந்தது. கதவு மூடப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதோடு அவர் அழாமல் இருந்தது இன்னும் தாங்கமுடியாமல் இருந்தது.

இராச்சாப்பாட்டுக்கு மற்றவர்களை இருத்திவிட்டு வந்து பார்த்தால் அறையில் அன்ரி இல்லை. தேடிப்போனேன். குளியலறையில் வெறும் தொட்டிக்குள், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, வீங்கின முழங்காலை மடித்துத் தரையில் ஊன்றி, வேலைக்காரப் பெண்ணின் தூரிகையைப் பறித்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அழுகிற நிலையில் நிற்கிறாள். விருந்தாளி தொட்டி கழுவுகிறாள் என்றால் அந்த விடுதிக்கு அதைவிட மானக்கேடு கிடையாது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை.

ஒகாமி ஓடி வந்தார். "தயவுசெய்து எழுந்திருங்கள், இது உங்கள் வேலையில்லை" என்று கெஞ்சினார். நான் தமிழில் சொன்னேன். அன்ரி தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அவவுக்குச் சொல்லு மலர். என்ரை வீட்டுக் கிணத்துக்குள்ளை ஒருத்தி எண்ணெய் ஊத்தினால் நான் கும்பிட்டுக்கொண்டு நிப்பனே? தும்புத்தடியாலை அடி குடுப்பன். அவ ஒரு சொல்லு ஏசிறாவும் இல்லை. ஏசினாலாவது எனக்கு ஆறும்."

வழிகாட்டிக்கு ஒரு விதி உண்டு. எல்லாவற்றையும் மொழிபெயர்க்கக் கூடாது, இரண்டு பக்கமும் நோகாத பாதியை மட்டும் கொடுக்க வேண்டும். அன்றைக்கு எனக்கு அந்தப் பாதியைத் தேடுகிற களைப்பைத் தாங்க முடியவில்லை. கிணறு, தும்புத்தடி, எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன்.

ஒகாமி என்னைப் பார்த்தார். பிறகு ஒரு கயிற்றை எடுத்துக் கிமோனோக் கைகளைத் தோளோடு இழுத்துக் கட்டினார். வெள்ளைக் காலுறையைக் கழற்றி வாசலில் வைத்தார். தொட்டிக்குள் இறங்கி அன்ரிக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்து, இன்னொரு தூரிகையை எடுத்தார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தேய்க்கிற சத்தம் மட்டும்தான். பிறகு ஒகாமி அன்ரி பக்கத்து மூலையைக் காட்டி, நான் அவர் வாயில் ஒரு நாளும் கேட்டிராத குரலில் படபடவென்று என்னவோ சொன்னார்.

அன்ரி தலையை நிமிர்த்தினார். "ஏசுறாவோ?"

"ஓம் அன்ரி. அந்த மூலை இன்னும் வழுக்குதாம். கண் தெரியேல்லையோ எண்டு கேக்கிறா."

"நல்லது," என்று அன்ரி அந்த மூலைக்குத் தவழ்ந்து போனார். "பிள்ளை, உமக்கும் வழுக்கும், கவனம்" என்று ஒகாமிக்குத் தமிழிலேயே சொன்னார். ஒகாமி 'ஹை' என்றார், ஓம் என்கிறமாதிரி.

மறுநாள் காலை நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கும்போது ஒகாமி வந்து என் சட்டைக் கையை இழுத்தார். தொட்டியில் தண்ணீர் பாதிகூட வரவில்லை. ஆனால் படுத்தால் மூடும் என்றார். புதுத் தண்ணீரில் முதலில் இறங்குவது அங்கே ஒரு மரியாதை, அதை அந்த அம்மாவுக்குக் கொடுக்க விரும்புவதாகச் சொன்னார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. நான் பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டு அன்ரியைக் கூப்பிடப் போனேன்.

"வேண்டாம் பிள்ளை, சனம் காத்து நிக்குது."

"தலைக்கு மேலை வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? வாங்கோ."

ஒகாமியே அவரை ஸ்டூலில் இருத்திக் கூந்தலை அவிழ்த்து, ஷாம்பு போட்டு, போதாதென்று திரும்பவும் போட்டுத் தேய்த்தார். அன்ரி சின்னப் பிள்ளைபோலக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இருந்தார். பிறகு நானும் உடுப்பைக் கழற்றிவிட்டு, கையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறக்கினேன். தண்ணீர் முழங்காலளவுதான். என் கையில் பிடரியைச் சாய்த்து மெல்லப் படுத்தார். வயிறு மூடியது, நெஞ்சு மூடியது. மடங்கியே இருந்த முழங்கால்கள் தாமாக மெல்ல நீண்டன.

"பாரமில்லை பிள்ளை," என்றார். "ஒரு பாரமும் இல்லை."

பிறகு, "கையை ஒருக்கா விடு" என்றார்.

அந்தத் தொட்டிகளில் தலையை முக்கக் கூடாது. அது நானே ஒத்திகையில் சொல்லிக்கொடுக்கிற விதி. ஒகாமியைப் பார்த்தேன். அவர் எழும்பிப் போய் ஜன்னல் பக்கம் திரும்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையை விட்டேன். அன்ரியின் முகம் தண்ணீருக்குள் போனது. நரைத்த கூந்தல் மட்டும் மேலே விரிந்து மிதந்தது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு மேலே வந்து, முகத்தைத் துடைத்து, "காணும்" என்றார்.

ரயில் போய்விட்டது. எங்கள் ஆட்கள் ஸ்டேஷனில் பெட்டிகளுக்கு மேல் இருந்துகொண்டு என்னைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். திரும்பி வந்ததும் ஞானம் அண்ணை கேத்தலைத் தொட்டார். தேத்தண்ணியை என் முன்னால் வைத்தார். நான் குடித்து முடிக்கும்வரை இருந்துவிட்டு, "அவ மூழ்கினவவோ?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப சரி," என்று எழும்பிப் போனார். அன்றைக்குத்தான் 'எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்க வேண்டாம்' என்ற வரியை விதிகளின் கடைசியில் சேர்த்தேன்.

அடுத்த பயணத்துக்கு இடம் கேட்டு விடுதிக்கு ஃபோன் எடுத்தபோது ஒகாமியே பேசினார். குளிரைப் பற்றிச் சொன்னார். அன்ரியின் முழங்கால் எப்படி என்று அக்கறையாகக் கேட்டார். அந்த இரண்டு கிழவிகளும் அதற்குப் பிறகு வரவில்லை என்பதையும் ஒரு பேச்சுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு பல்லிடுக்கால் மூச்சை இழுத்தார்.

"கொஞ்சம் கஷ்டம்…"

எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவரும் ஒரு கடை நடத்துகிறார். அதற்குப் பிறகு நாங்கள் பஸ் நிறுத்துமிடத்தோடு இருக்கிற பெரிய ஹோட்டல் ஒன்றுக்குப் போனோம். நீச்சல் குளம் மாதிரி ஒரு தொட்டி, குளோரின் மணம். அதிலேயே மிச்ச வருடங்கள் ஓடின. பிறகு கொரோனா வந்து எல்லாவற்றையும் நிற்பாட்டியது. திரும்பத் தொடங்கியபோது எனக்கு முழங்காலும் போய்விட்டது, மனமும் விட்டுவிட்டது.

பரமேஸ் அன்ரியை இல்லத்தில் போய்ப் பார்ப்பேன். அவர் சொன்ன அந்தப் பிளாஸ்டிக் கதிரையையும் பார்த்தேன். குளிக்க வார்க்க வருகிற பிள்ளைகளிடம், தான் ஜப்பானில் மூழ்கியதை அரைகுறை ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே இருப்பாராம். என்னைக் கண்டால் முதல் கேள்வி அதுதான்.

"அந்த மனுசி சுகமே? இந்த முறையும் போனனீங்களே?"

"ஓம் அன்ரி. உங்களைக் கேட்டவ."

கதவு மூடின கதையை நான் ஒருநாளும் சொல்லவில்லை.

தர்ஷி ஃபோன் எடுத்ததற்கு முதல் நாள்தான் அன்ரியின் செத்தவீடு. மெல்பேர்னில் செத்தவீட்டுக்கு வீடு கிடையாது, கம்பளம் விரித்த மண்டபம்தான். கிரியையில் எண்ணெயும் அரப்பும் வைத்து முழுக்காட்டுகிற சடங்கு வந்தது. ஊரில் என்றால் குடம் குடமாக வார்ப்பார்கள். இங்கே ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் எண்ணெய், இன்னொன்றில் கொஞ்சம் தண்ணீர், தெளிக்க ஒரு பூ. சனம் வரிசையில் வந்து விரல் நுனியால் தொட்டு உச்சியில் வைத்துவிட்டுப் போனார்கள். மண்டபத்துக்காரப் பையன் கோட் போட்டுக்கொண்டு சவப்பெட்டியடியில் நின்றான். அன்ரியின் மகன் என் காதுக்குள் மெல்லச் சொன்னார்.

"மலர் அக்கா, ஒரு துளி காணுமாம். உள்ளுக்குப் போட்டிருக்கிற துணியிலை பட்டால் ஊறுமாம்."

ஒரு துளி. நான் கிண்ணத்தை எடுத்தேன். உள்ளங்கை நிறைய ஊற்றினேன். உச்சியில் வைத்து, இரண்டு பக்கமும் கோதி, கூந்தல் நுனிவரை இழுத்துத் தேய்த்தேன். சேலைக்கு மேலால் இரண்டு முழங்காலிலும் கையை வைத்தேன். துணியில் எண்ணெய் படர்ந்தது. பையன் ஒரு அடி முன்னால் வந்தான், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றுவிட்டான். பேப்பர் துவாய் ஒன்றை நீட்டினான். நான் வாங்கவில்லை. அதே கையோடு கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் சத்தமாக அழுதேன்.

இதை எழுதி முடிக்குமுன் தர்ஷி திரும்ப ஃபோன் எடுத்தாள்.

"அன்ரி, அந்த லைன்? இண்டைக்கு ஆப் போடப்போறம்."

"இருக்கட்டும் பிள்ளை," என்றேன். "அதை எடுக்காதை."